கம்பைலரிடம் வயது கேட்ட சரித்திரம்

பரங்கிமலையிலிருந்து தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று இருப்புப்பாதையை ஒட்டி நீண்டு கிடக்கும் பிரதேசத்துக்குக் கருவிகளோடு உள்ள சம்பந்தம் மிகப் பழமையானது. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிதான், இந்தியாவில் பழைய கற்காலத்து மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்ட ஆரம்ப அத்தாட்சி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று இங்கே தோன்றி, தன் பெயரை ஓர் ஊருக்கே அளித்துவிட்டது. 1949இல் சி. ராஜம் என்ற பெருமகனார் தம் சொந்தச் செல்வத்தை முதலாக வைத்து, இன்றும் எல்லோரும் எம்.ஐ.டி என்றே வழங்கும் தொழில்நுட்பக் கல்லூரியை அதே குரோம்பேட்டையில் நிறுவினார். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்கள். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலமும், 2000இல் தரமணியில் டைடல் பூங்காவும் வந்தன. கல்லையும் தோலையும் உலோகத்தையும் கையாண்ட ஊர்கள், பிறகு கண்ணுக்குத் தெரியாத கருவிகளையும் கையாளக் கற்றுக்கொண்டன. அவற்றுள் தலையானது கம்பைலர். அதன் பதிப்பெண்ணை விசாரிக்கும் ஒரு சம்பிரதாயத்தைப் பற்றியும், அந்த விசாரணை பிழைபட்டுப்போகும்போது காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமையை இந்தப் பகுதியின் இளைஞர்கள் எவ்வாறு பழகிக்கொண்டார்கள் என்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

மனிதர் எழுதும் மூல நிரலை இயந்திரம் நிறைவேற்றத்தக்க கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலரின் காரியம். மூல நிரலை ஒருவர் ஓரிடத்தில் எழுதுகிறார்; அதை எடுத்து 'பில்டு' செய்பவர் வேறோரிடத்தில், வேறொரு கம்பைலரை வைத்துக்கொண்டிருக்கிறார். எழுதியவருடைய கம்பைலருக்குத் தெரிந்த ஒரு பிரயோகம் இவருடைய கம்பைலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அல்லது, இது இன்னும் ஆபத்தானது, தெரிந்தும் அது தவறாக மாற்றிக் கொடுக்கலாம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே கம்பைலரிடம் 'உன் பதிப்பு என்ன?' என்று கேட்டு, விடை திருப்தி தராவிட்டால் அங்கேயே நின்றுவிடும்படி சில வரிகள் எழுதிவைப்பது வழக்கமாயிற்று. இப்படிப்பட்ட ஒவ்வொரு சோதனையும், எவரோ ஒருவர் எப்பொழுதோ பட்ட துன்பத்தின் ஞாபகம் என்பது என் துணிபு. அந்தத் துன்பம் இன்னதென்று பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கும்வரை சோதனையால் நன்மை உண்டு. காரணம் மறைந்து எண் மட்டும் எஞ்சிவிட்டால், காவலாக வைத்ததே இடைஞ்சலாகிவிடும்.

இந்த விசாரணைக்கே அவசியம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1973இல் கிண்டி வனத்தை ஒட்டிய ஐ.ஐ.டி எனப்படும் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம் 370/155 என்னும் பெரிய கணிப்பொறியை நிறுவினார்கள். ஃபோர்ட்ரான் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டி, ஜன்னலில் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாள் வரும்வரை காத்திருப்பது அந்நாளைய முறை. இயந்திரத்தைச் செய்த கம்பெனியே கம்பைலரையும் கொடுத்தது. நிரல் எழுதுபவர், அதை ஓட்டுபவர், பிழை நேர்ந்தால் விளக்கம் சொல்பவர் ஆகிய மூவரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் பலவகை இயந்திரங்களுக்குப் பரவியபோதுதான் பிரச்சினை பிறந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய 'மேக்' என்ற கருவி, எந்தக் கோப்பு மாறினால் எதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்ற கணக்கைத் தானே பார்த்துக்கொண்டது. ஆனால் இந்த இயந்திரத்தில் எது உண்டு, எது இல்லை என்பதை அது அறியாது. 1980களின் நடுவில் லாரி வால் தம்முடைய 'ஆர்.என்' என்னும் நிரலோடு, இயந்திரத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு கான்ஃபிகர் நிரலையும் சேர்த்து அனுப்பினார். 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜி.சி.சி கம்பைலரை எல்லோருக்கும் உரிய உடைமையாக வெளியிட்டார். 1991இல் டேவிட் மெக்கென்சி, இத்தகைய கான்ஃபிகர் நிரல்களைத் தானாகவே ஆக்கித் தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவியை உருவாக்கினார். இந்தக் கடைசி ஏற்பாட்டின் பின்னே உயர்ந்த கொள்கை ஒன்று இருந்தது. பதிப்பெண்ணைக் கேட்காதே, திறமையைப் பரீட்சித்துப் பார் என்பதே அது. 'கான்ஃப்டெஸ்ட்' என்ற பெயரில் நாலைந்து வரிகளே உள்ள ஒரு சிறு நிரலை அந்த இடத்திலேயே எழுதி, கம்பைலரிடம் கொடுத்து, அது தேறுகிறதா என்று பார்ப்பது. தேறினால் அந்த வசதி உண்டு, தேறாவிட்டால் இல்லை. கம்பைலர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பாமல் அதன் செய்கையைப் பார்த்து முடிவு செய்யும் இந்த முறையை, மென்பொருள் தொழிலில் தோன்றிய மிக நேர்மையான யோசனைகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். உலகம் முழுவதும் அதை முற்றிலும் பின்பற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

தென்சென்னைப் புறநகர்களுக்கு இந்த விவகாரம் குறுந்தகடு வழியாக வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இணைய இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியே, நிமிஷத்துக்குக் காசு என்ற கணக்கில், ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஓர் இயங்குதளத்தையே அதன் வழியே இறக்கிக்கொள்வது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் இல்லை. பிசிக்வெஸ்ட் போன்ற பத்திரிகைகள் தங்கள் இதழோடு லினக்ஸ் தகடுகளை இணைத்துக் கொடுத்தன. அவற்றுள் பல ரெட் ஹாட் வெளியீட்டைத் தழுவியவை. ஒருவர் வாங்கிய தகடு விடுதி முழுவதும் சுற்றியது. ஐ.ஐ.டி வளாகத்தில் மாதந்தோறும் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவில், தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் மின்ரயிலில் வந்த மாணவர்கள், தங்கள் திரையில் கண்ட பிழைச் செய்தியைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் காட்டி விளக்கம் கேட்பார்கள். அந்தத் தலைமுறை முதலில் மனப்பாடம் செய்த மந்திரம் 'கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்' என்பது. முதலில் இடறி விழுந்த படியும் அதன் முதற்சொல்லே.

அவர்களுடைய தகட்டில் இருந்த கம்பைலருக்கு ஒரு விசித்திரமான பூர்வகதை உண்டு. ஜி.சி.சியின் வளர்ச்சி மந்தமாகிவிட்டது என்று கருதிய சிலர் 1997இல் பிரிந்துபோய் எக்ஸ் என்ற பெயரில் தனிக் கிளை தொடங்கினார்கள். 1999இல் அந்தக் கிளையே தாய்மரமாக அங்கீகாரம் பெற்று, அவ்வாண்டு ஜூலையில் 2.95 என்ற பதிப்பு வெளிவந்தது. அடுத்த அதிகாரபூர்வமான பெரும் பதிப்பு 3.0, அது வந்தது 2001 ஜூனில். இடைப்பட்ட காலத்தில், 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரெட் ஹாட் தன் 7.0 வெளியீட்டில், வளர்ச்சி நிலையில் இருந்த மூலத்திலிருந்து ஒரு பிரதியை எடுத்துத் திருத்தங்கள் செய்து, அதை 2.96 என்ற எண்ணோடு கொடுத்துவிட்டது. அப்படி ஒரு பதிப்பைத் தாங்கள் வெளியிடவே இல்லை என்று ஜி.சி.சியின் நடத்துனர் குழு அடுத்த மாதமே அறிவிக்க நேர்ந்தது. லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்வதற்கென்று பழைய எக்ஸ் கம்பைலரை 'கேஜிசிசி' என்ற தனிப் பெயரில் அதே தகட்டில் வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம்.

அக்காலத்தில் சினிமாவும் பாட்டும் லினக்ஸில் பார்க்க வேண்டுமென்றால் எம்பிளேயர் என்ற நிரலை மூலத்திலிருந்து பில்டு செய்துகொள்வது பலர் நாடிய வழி. அதன் கான்ஃபிகர் நிரல், கம்பைலர் 2.96 என்று பதில் சொன்னவுடனே கதவைச் சாத்திவிட்டது. அந்தக் கம்பைலர் தங்கள் நிரலைத் தவறாக மாற்றுகிறது என்பது அதன் ஆசிரியர்களின் குற்றச்சாட்டு. ரெட் ஹாட் தரப்பினரோ, நிரலில் உள்ள தவறுகளைத்தான் புதிய கம்பைலர் வெளிப்படுத்துகிறது என்று வாதித்தார்கள். இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருந்தது, 2.96இன் ஆரம்பப் பிரதிகளில் இருந்த பிழைகள் பல, பின்னால் வந்த திருத்தங்களில் நீங்கின. ஆனால் எண் மாறவில்லை. ஜி.சி.சி சோதனையை விட்டுவிடு என்று கான்ஃபிகருக்கு ஒரு விருப்பத்தேர்வு கொடுத்தால் வேலை தொடரும் என்ற இரகசியம் விடுதிகளில் வேகமாகப் பரவியது. அதைக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே தரத்தவர் என்று சொல்ல முடியாது. சோதனை ஏன் இருக்கிறது என்று படித்து, தம்மிடம் இருப்பது திருத்தப்பட்ட பிரதியா என்று பார்த்த பிறகு விலக்கியவர்கள் சிலர். தடை தொல்லையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விலக்கியவர்கள் பலர். பின்னவர்களுக்குப் படம் நடுவில் நின்றுபோனால் யாரிடமும் முறையிட இடமில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு பழக்கத்தைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தொழிலில் தேர்ந்தவரையும் தேராதவரையும் பிரித்துக் காட்டுவது அதுதான். கான்ஃபிகர் நின்றுவிட்டால் திரையில் தெரிவது ஒரே ஒரு வாக்கியம்: சி கம்பைலரால் ஓடும் நிரலை உண்டாக்க முடியவில்லை என்பது போன்ற ஏதோ ஒன்று. புதியவர் அதைப் படித்துவிட்டுக் கம்பைலர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தகட்டைப் போடுவார். ஆனால் அதே அடைவில் 'கான்ஃபிக் லாக்' என்ற கோப்பு உட்கார்ந்திருக்கும். கான்ஃபிகர் என்ன கேட்டது, கம்பைலர் என்ன பதில் சொன்னது, பரீட்சைக்குக் கொடுத்த சிறு நிரல் எது, அது எந்த வரியில் தோற்றது என்பதெல்லாம் ஒன்று விடாமல் அதில் பதிவாகியிருக்கும். அதைத் திறப்பவருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. ஆரம்பப் பக்கங்களிலேயே, தனக்குத் தெரியாத விருப்பத்தேர்வு என்று கம்பைலர் கோபித்துக்கொண்ட வரிகள் கண்ணில் படும். உலகத்தில் உள்ள பலவகைக் கம்பைலர்களும் தத்தம் பதிப்பைச் சொல்லும் முறை வெவ்வேறாக இருப்பதால், கான்ஃபிகர் நாலைந்து முறைகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பார்க்கிறது, ஜி.சி.சிக்குப் பெரிய எழுத்து 'வி' என்ற கேள்வி புரியாது, ஐ.பி.எம் கம்பைலருக்கென்று உள்ள கேள்வியும் புரியாது. ஆகவே அந்தப் பிழைகள் எல்லா ஆரோக்கியமான இயந்திரங்களிலும் தோன்றுபவை. அவற்றையே நோயென்று எண்ணி மருந்து தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. உண்மையான காரணம் இன்னும் கீழே இருக்கும்: பெரும்பாலும் சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் அடங்கிய பொதி நிறுவப்படாமல் இருப்பது, அல்லது லிங்கர் ஒரு கோப்பைக் காணாமல் தவிப்பது. கோப்பின் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, முதலில் எது தோற்றது என்று பிடிக்க வேண்டும் என்பதை, எந்தப் பாடப்புத்தகத்தின் துணையும் இல்லாமல், ஒருவர் தோளுக்குப் பின்னால் மற்றொருவர் நின்று பார்த்தே இந்தப் பகுதியின் பிள்ளைகள் கற்றார்கள். ஆசிரியர் மாணவர் என்ற பேதமின்றி நடந்த அந்தக் கல்விக்கு உரிய மரியாதையை நம் சரித்திரக்காரர்கள் இன்னும் கொடுக்கவில்லை.

காரணம் மறைந்து எண் மட்டும் எஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு, கிளிப்சி என்று வழங்கும் குனு சி நூலகத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. லினக்ஸில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் நூலகம் அது. அதை பில்டு செய்யும்போது அசெம்பிளர், லிங்கர், மேக் முதலிய கருவிகளின் பதிப்பை அதன் கான்ஃபிகர் விசாரிக்கிறது. பழைய வெளியீடுகளில் அசெம்பிளருக்கு வைத்திருந்த நிபந்தனை எப்படி இருந்தது என்றால்: பதிப்பெண் 2.1 என்று தொடங்க வேண்டும், அதை அடுத்து 3 முதல் 9 வரையில் ஓர் இலக்கம் வர வேண்டும். எழுதப்பட்ட நாளில் இது குற்றமற்றது, 2.13க்கு முந்திய கருவிகளில் தேவையான வசதி இல்லை, 2.13 முதல் 2.19 வரை உண்டு. 2009 அக்டோபரில், அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ் என்ற தொகுப்பின் 2.20 பதிப்பு வெளிவந்தது. 2.1 என்ற எழுத்துகள் அதில் இல்லை. உடனே கான்ஃபிகர், அத்தியாவசியமான கருவிகள் சில இல்லை அல்லது மிகப் பழையவை என்று அறிவித்து நின்றது. அன்றைக்கு உலகத்தில் கிடைக்கக்கூடியவற்றுள் ஆகப் புதிய கருவியைப் பார்த்து, நீ மிகப் பழையவன் என்று சொல்லியது. மேக் கருவிக்கும் இதே கதி நேர்ந்தது: 3.79, அல்லது 3.8, 3.9 என்று தொடங்குபவை மட்டுமே ஏற்கத்தக்கவை என்று எழுதியிருந்த நிரல், 2013இல் மேக் 4.0 வந்ததும் அதைப் புறக்கணித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, எண்ணை எண்ணாகப் பாராமல் எழுத்துச் சரமாகப் பார்த்த தவறு. அதே வகைத் தவறு மற்ற இடங்களிலும் பலித்தது, ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தின் 10ஆம் பதிப்பு வந்தபோது, 1 என்று தொடங்கும் அதிபழைய பதிப்புகளுக்கென்று லிப்டூல் என்ற பில்டு கருவி வைத்திருந்த வரி அதையும் விழுங்கிக்கொண்டது, ஜி.சி.சி 2020இல் பத்தை எட்டியபோதும் சில நிரல்கள் அவ்வாறே தடுமாறின. புதிய மென்பொருளை மட்டும் கையாள்பவருக்கு இது ஒரு நாள் தொல்லை. ஆனால் கிண்டியிலும் பெருங்குடியிலும் சிறு மின்னணுச் சாதனங்களுக்கு நிரல் எழுதுபவரின் நிலை வேறு. சாதனத்தில் இருக்கும் கிளிப்சி எந்தப் பதிப்போ, அதே பழைய பதிப்பை இன்றைய இயந்திரத்தில் உட்கார்ந்து பில்டு செய்ய வேண்டியிருக்கும். அவர் செய்ய வேண்டிய திருத்தம் ஒரே வரி: நிபந்தனையில் 2.20 முதல் மேற்பட்ட எண்களையும் சேர்ப்பது. அந்த வரியைக் கான்ஃபிகர் என்ற ஆக்கப்பட்ட கோப்பில் மாற்றினால், ஆட்டோகான்ஃப் மறுபடி ஓடும்போது திருத்தம் அழிந்துவிடும். ஆகவே மூலக் கோப்பிலும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் இரண்டாம் முறை அழிந்த பிறகே கண்டுகொண்டார்கள். பிற்காலத்துக் கிளிப்சியில் அதே நிபந்தனை, 2.100 என்ற பதிப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி நீட்டி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் பட்டறிந்தவர் என்று அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

2005இல் இந்த அறிவுக்கு குரோம்பேட்டையில் ஒரு ஸ்தாபனம் கிடைத்தது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை மத்திய அரசு, எம்.ஐ.டி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக கே.பி. சந்திரசேகர் ஆய்வு மையத்தையும் சென்னை சி-டாக் நிறுவனத்தையும் இணைத்து ஏற்படுத்தியது. அந்த முயற்சியில் விளைந்த பாஸ் என்ற லினக்ஸ் வெளியீடு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடமளித்து, 2007இல் வெளிவந்தது. விடுதி அறைகளில் தோளுக்குப் பின்னால் நின்று கற்ற வித்தை இங்கே பாடமாகவும் பணியாகவும் ஆயிற்று. டெபியனைப் பின்பற்றுவதில் ஒரு நன்மை, அதன் ஒழுங்கு. இயல்புக் கம்பைலரை மாற்றுவதற்கு முன்னால் டெபியன்காரர்கள் தங்களிடம் உள்ள எல்லாப் பொதிகளையும் புதிய கம்பைலரைக் கொண்டு ஒருமுறை பில்டு செய்து பார்த்து, தோற்றவற்றுக்கெல்லாம் தனித்தனியே பிழை அறிக்கை பதிந்துவைப்பார்கள். எந்தப் பொதி எந்தக் கம்பைலரோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்ற காரணம் எல்லோரும் படிக்கும்படி நிலைத்துவிடுகிறது.

அந்த ஒழுங்குக்கும் கடினமான பரீட்சை 2015இல் வந்தது. ஜி.சி.சி 5 சி++ மொழியின் எழுத்துச்சரம் முதலிய சில அமைப்புகளின் உள்வடிவத்தையே மாற்றிவிட்டது. பழைய வடிவில் பில்டு செய்த நூலகத்தோடு புதிய வடிவில் பில்டு செய்த நிரல் இணையாது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931 முதல் ஓடிய மீட்டர்கேஜ் மின்ரயிலும், பின்னால் பக்கத்திலேயே போட்ட அகலப்பாதையும் சில வருஷங்கள் இணையாக இருந்தனவே, அதுபோலத்தான். இரண்டும் குற்றமற்றவை, இரண்டும் ஓடுபவை, ஆனால் ஒன்றின் பெட்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஏறாது. இதில் கம்பைலர் புதியதா பழையதா என்ற கேள்வி பயனற்றது. எந்தெந்த நூலகம் எந்த வடிவில் பில்டு ஆனது என்பதே கேள்வி. டெபியன் பாதிக்கப்பட்ட நூலகப் பொதிகளின் பெயரோடு 'வி5' என்ற ஒட்டைச் சேர்த்து அதைத் தெரியப்படுத்தியது.

இதுவரை எழுதியதைப் படித்தவர், பதிப்புச் சோதனைகளையே ஒழித்துவிடலாம் என்று நான் சொல்வதாக எண்ணக்கூடும். என் அபிப்பிராயம் அப்படிப்பட்டதன்று. 2014இல் ஏ.ஆர்.எம் செயலிகளுக்கான லினக்ஸ் கெர்னலில், ஜி.சி.சி 4.8.0 முதல் 4.8.2 வரையிலான பதிப்புகளை அடியோடு மறுத்துவிடும் சோதனை சேர்க்கப்பட்டது. அந்தக் கம்பைலர்கள் ஒரு சார்பு முடியும் இடத்தில், அடுக்கின் எல்லையைக் காட்டும் குறியீட்டை முதலில் மேலே நகர்த்திவிட்டு, பிறகே அந்த எல்லைக்குக் கீழே உள்ள மதிப்புகளைப் படிக்கும்படி கட்டளை அமைத்தன. அந்த இரண்டு கட்டளைகளுக்கும் இடையில் ஓர் இடையீடு வந்து விழுந்தால், படிக்க வேண்டிய மதிப்புகள் அழிந்துபோகும். கோப்புமுறையே சிதைந்துபோன சந்தர்ப்பங்கள் நேர்ந்தன. இப்படிப்பட்ட நோயைச் சிறு நிரல் கொடுத்துப் பரீட்சித்துக் கண்டுபிடிக்க இயலாது. பரீட்சை ஓடும் கணத்தில் இடையீடு வராது, கம்பைலர் தேறிவிடும். ஆகவே எண்ணைக் கேட்பது தவிர வேறு வழியில்லை. சில வெளியீட்டாளர்கள் தங்கள் பிரதியில் அந்தப் பிழையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்தியதும் திருத்தாததும் ஒரே எண்ணைச் சொல்வதால், குற்றமற்றவையும் சேர்ந்து தண்டனை அடைகின்றன என்று அந்தச் சோதனையைச் சேர்த்தவர் வருத்தத்தோடு எழுதிவைத்திருக்கிறார். 2.96இன் கதையில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு எவரும் அமைதியாகச் சொல்லாமல் விட்ட விஷயம் அதுவே. காரணமும், காரணத்தின் எல்லையும், அதனால் நேரும் அநீதியும் ஒரே குறிப்பில் அடங்கியிருப்பதால், அந்தச் சோதனையை எப்போது நீக்கலாம் என்பது பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரியும்.

எண்ணும் எப்போதும் உண்மை பேசுவதில்லை. கிளாங் என்ற கம்பைலர், பழைய நிரல்கள் தன்னை ஏற்க வேண்டும் என்பதற்காக, தன் சொந்தப் பதிப்பு எதுவாயினும், ஜி.சி.சிக்குரிய கேள்விக்கு 4.2.1 என்றே பதில் சொல்லிவருகிறது. ஜி.சி.சியே 7ஆம் பதிப்பிலிருந்து, சில வெளியீடுகளில், முழு எண்ணுக்குப் பதிலாக 7 என்று மட்டும் சொல்லத் தொடங்கியதால், புள்ளியைத் தேடிய நிரல்கள் வெறுங்கையோடு திரும்பின. சி-மேக் போன்ற பிற்காலக் கருவிகள் எண்களைப் புள்ளிபுள்ளியாகப் பிரித்து ஒப்பிடவும், மொழியின் எந்த வசதி தேவை என்று பெயர் சொல்லிக் கேட்கவும் வழி செய்திருக்கின்றன. ஆயினும் மூல நிரலில் முப்பது வருஷத்துப் பழைய வரிகள் கிடக்கும்வரை பழைய கேள்விகளும் கிடக்கும்.

இறுதியாக நம் ஊர்ச் செயலியின் விஷயம். ஐ.ஐ.டியில் உருவான சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளை அமைப்பைத் தழுவியவை. அவற்றுள் ஒன்று 2018இல் சண்டிகர் ஆய்வுக்கூடத்தில் 180 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் விவரணத்தின் 2019 டிசம்பர் பதிப்பு, அதுவரை அடிப்படைக் கட்டளைகளோடு சேர்ந்தே கருதப்பட்ட கட்டுப்பாட்டுப் பதிவேட்டுக் கட்டளைகளையும், கட்டளை நினைவகத்தை ஒத்திசைக்கும் கட்டளையையும் தனித்தனி நீட்சிகளாகப் பிரித்துவிட்டது. பின்யூட்டில்ஸ் 2.38உம் ஜி.சி.சி 12உம் 2022இல் அதையே இயல்பாக ஏற்றுக்கொண்டன. அதன் விளைவாக, நேற்றுவரை குறையில்லாமல் பில்டு ஆன பாடநிரல், புதிய கருவிகளோடு வந்த மாணவனுக்கு, இந்தக் கட்டளையை நான் அறியேன் என்ற பதிலைத் தந்தது. செயலிக்கு அந்தக் கட்டளை தெரியும், கம்பைலருக்கும் தெரியும், ஆனால் நீட்சியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது விதி. கட்டமைப்பைக் குறிக்கும் சரத்தின் முடிவில் இரண்டு பெயர்களைச் சேர்த்தால் தீர்ந்தது. பழைய கம்பைலரோ அந்தப் பெயர்களைக் கேட்டால் திகைக்கும். லினக்ஸ் கெர்னல் ஆசிரியர்கள் முதலில், புதிய பெயர்களைக் கொடுத்துப் பார்த்துக் கம்பைலர் ஏற்றால் சேர்ப்பது என்று திறமைப் பரீட்சையே வைத்தார்கள். கம்பைலர் ஒரு பதிப்பும் அசெம்பிளர் வேறு பதிப்புமாக, கிளாங்கும் பின்யூட்டில்ஸும் கலந்து நிற்கும் இயந்திரங்களில் அது போதாமற்போனதால், பிறகு அசெம்பிளரின் பதிப்பெண்ணையே கேட்கும் நிபந்தனையை எழுதினார்கள். அந்த நிபந்தனை ஒரே வரி. அதன் கீழே உள்ள குறிப்பு பல வரிகள் நீள்கிறது: எந்தப் பதிப்பில் எது மாறியது, எந்த விவரணத்தால் மாறியது, எந்தக் கலவைக்கு எது பொருந்தும் என்று.